பூபாலன் பெயரால் யாருக்குக் கட்டாயம்?

அனுப்புநர்:
பூ. ஜெனிட்டா,
(கார்கில் போரில் உயிர்நீத்த நாயக் பூபாலனின் மனைவி)
செவிலியர், அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு.
வீடு: மேல்கழனி காலனி, திருக்கழுக்குன்றம் வட்டம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: மறைந்த என் கணவரின் பெயரில் அலைவாய் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி நடத்தும் கட்டாய இராணுவப் பயிற்சி – இலவச இடத்தில் படிக்கும் பிள்ளைகளை மட்டும் வெயிலில் நிறுத்துவது – மாணவி ஒருத்தி சாவின் விளிம்புக்குச் சென்று மீண்டது – என் மீது திருட்டுப் புகார் – விசாரித்து நடவடிக்கை எடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் ஆகஸ்ட் 15 அன்று மேற்படி பள்ளியில் ‘நாயக் பூபாலன் நினைவு மாணவர் படை’யைத் தாங்கள் தொடங்கி வைக்கப் போவதாக அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் கொடுக்கப்பட்டு வருகிறது. அதில் ‘வீரரின் துணைவியார் விருப்பத்திற்கிணங்க’ என்று ஒரு வரி உள்ளது. அப்படியொரு விருப்பம் எனக்கு இல்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. தாங்கள் அந்த மேடையில் ஏறுவதற்கு முன் நடந்தது என்னவென்று தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1. என் கணவரின் பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர் பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும் இராணுவத்தில் சேர விரும்பினார். என் மாமியார் செங்கம்மாள் சோறு சமைக்காமல் அழுதிருக்கிறார். அதற்கு அவர் சொன்னதை என் மாமியார் இன்றும் சொல்வார்: “என்ன எவனும் இஸ்துகினு போவலம்மா. நானாத்தான் போறேன். நானா போறதுனாலதான் அதுக்கு மருவாதி.” அவர் 1999இல் இறந்தார். அப்போது எங்கள் மகள் ஷீபாவுக்குப் பத்து வயது.

2. அவர் உடல் வந்த நாளில் எங்கள் காலனிக்குள் அதுவரை வராத கார்கள் எல்லாம் வந்தன. காலனி நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயர் வைக்கப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இன்று வரை வைக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து தெற்கே வருபவர்கள் அவர் பெயரை ஒரே இடத்தில்தான் பார்க்கலாம். அது அலைவாய் பள்ளியின் விளம்பரப் பலகை. ‘வீரத் தியாகியின் மகள் பயிலும் பள்ளி’ என்று அவர் படத்துக்குக் கீழே எழுதி, அதற்கும் கீழே ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று போட்டிருக்கிறார்கள்.

3. ஷீபாவுக்கு இலவச இடம் தந்தது அப்பள்ளிதான். அதற்கு நான் நன்றியுடையவள், அதை மறைக்கவில்லை. எங்கள் காலனியிலிருந்தும் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்தும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அவ்வாறே இடம் தந்தார்கள். மற்றவர்கள் அணுமின் நிலையக் குடியிருப்பிலிருந்தும், படூர்ப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளிலிருந்தும் பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளைகள்.

4. இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை அனைவருக்கும் என் கணவர் பெயரில் இராணுவப் பயிற்சி கட்டாயம் என்று தாளாளர் திரு. பரணிதரன் அறிவித்தார். தேசப்பற்றை வளர்க்கும் திட்டம் என்று நாளிதழ்களில் செய்தியும் வந்தது. முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் மைதானத்தில் நின்றார்கள். இரண்டாம் வாரத்தில் குடியிருப்புப் பெற்றோர்கள் வீசிங், கண் பார்வை, நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று கடிதம் கொடுக்கத் தொடங்கினார்கள். கொடுத்தவர்கள் எல்லோருக்கும் விலக்கு கிடைத்தது. ஜூலை மாதம் மைதானத்தில் எஞ்சியவர்கள் இலவச இடத்துப் பிள்ளைகள் மட்டுமே. அவர்கள் பெற்றோரும் கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளவில்லை. “ஃப்ரீ சீட்டுன்னா ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்ல?” என்று விளையாட்டு ஆசிரியர் திரு. சீனு சொல்லி அனுப்பியதாக என் மகள் வந்து சொன்னாள். அவள் காலில் ஷூ கடித்த கொப்புளங்களுக்கு நான் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐயா, அனைவருக்கும் கட்டாயம் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஒருவருக்கும் கட்டாயமில்லை என்றால் அதிலும் இருக்கலாம். கூலி வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் கட்டாயம் என்பதற்குக் கூலி வேலை செய்தவர்களின் மகன் பெயரை வைத்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

5. இது என் ஊகம் அல்ல. அணுமின் நிலையக் குடியிருப்பில் வசிக்கும் திருமதி லதா என்பவரின் மகள் சுஷ்மிதா, ஷீபாவுடன் ஒரே வகுப்பில் படிக்கிறாள். அந்த அம்மையார் தாமாகவே என் வீடு தேடி வந்து சொன்னார்: “நாங்க ஒரு லெட்டர் குடுத்தோம், விட்டுட்டாங்க. மத்தப் பிள்ளைங்களையும் விட்டாங்களான்னு நாங்க கேக்கவே இல்ல. கேட்டிருக்கணும்.” தாங்கள் விசாரணைக்கு அழைத்தால் வந்து சொல்வதாகவும் கூறியிருக்கிறார்.

6. ஜூலை 26, சனிக்கிழமை, கார்கில் வெற்றி நாள் விழா. என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். எதிரே வெயிலில் மரத் துப்பாக்கியுடன் எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். மற்றப் பிள்ளைகள் பந்தலுக்குள் நாற்காலியில் இருந்தார்கள். சிறப்பு விருந்தினர் அச்சரப்பாக்கத்தில் வேறொரு திறப்பு விழாவை முடித்துவிட்டு வருவதாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிழலில் உட்கார வைக்கும்படி தாளாளரிடம் இருமுறை சொன்னேன். “இப்ப வந்துடுவார் மேடம். கலைச்சா மறுபடி லைன் பண்றது கஷ்டம்” என்றார்.

முன்வரிசையில் நின்ற தெய்வநாயகி முகங்குப்புற விழுந்தாள். பத்தாம் வகுப்பு மாணவி. மீன்பிடித் தொழில் செய்யும் திரு. ராஜேந்திரனின் ஒரே மகள். நான் எழுந்தேன். தாளாளர் என் புடவை முனையைத் தொடாத குறையாகக் கையை நீட்டித் தடுத்தார். “நீங்க இறங்காதீங்க மேடம். சார் கார் கேட் கிட்ட வந்துடுச்சு. நம்ம ஸ்டாஃப் பாத்துப்பாங்க” என்றார்.

நான் இறங்கிப் போனேன். அவள் உடல் நெருப்பாகக் கொதித்தது. வியர்வை இல்லை. கண் செருகியிருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் அவளுக்கு என்னைத் தெரியவில்லை. ஷீபாவும் மற்றப் பெண்களும் துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டு அவளை நிழலுக்குத் தூக்கினார்கள். அதற்கு திரு. சீனு, “யாரு உங்கள லைன விட்டு வரச் சொன்னது?” என்று கத்தினார். பெல்ட்டைத் தளர்த்தி, ஷூவைக் கழற்றி, கிடைத்த தண்ணீரையெல்லாம் அவள் மேல் ஊற்றி, ஒரு ஆட்டோவில் ஏற்றினேன். வாசலில் விருந்தினரின் கார்கள் உள்ளே வந்துகொண்டிருந்ததால் ஆட்டோவை நிறுத்தி வைத்தார்கள். அப்படி ஓரமாக நின்ற நேரத்தில் என் மடியில் அவளுக்கு வலிப்பு வந்தது.

7. நான் பணிபுரியும் மருத்துவமனையிலேயே அவளைச் சேர்த்தோம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் பயந்தார்கள். கடலிலிருந்து திரும்பிய திரு. ராஜேந்திரன் ஈர லுங்கியோடு வார்டுக்கு ஓடி வந்தார். “இன்னா சிஸ்டர் ஆச்சு? காலீல நல்லாத்தான இட்லி துன்னுட்டுப் போச்சு?” என்று கேட்டார். எத்தனையோ பேருக்கு அந்த வராந்தாவில் நான் பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் மகள் விழுந்தது என் கணவர் பெயர் எழுதிய பேனருக்கு முன்னால்.

கடவுள் கிருபையால் அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். வெயிலில் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். பள்ளியிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. உடல் தகுதிச் சான்று கொண்டுவந்தால்தான் வகுப்பில் சேர்ப்போம் என்று மட்டும் தகவல் வந்தது. குடியிருப்புப் பிள்ளைகள் மைதானத்துக்கு வராமலிருக்கக் கடிதம் கொடுத்தார்கள். இவள் வகுப்பறைக்குள் போகவே சான்று கொடுக்க வேண்டுமாம்.

8. இராணுவப் பயிற்சி என்றால் என்னவென்று எனக்கு ஓரளவு தெரியும். என் கணவர் இரண்டு ஆண்டுகள் பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தவர். விடுமுறையில் வந்தபோது ஒருமுறை சொன்னார்: “தண்ணி குடிச்சானா இல்லியான்னு பாக்காம ஒருத்தனையும் வெயில்ல நிறுத்த மாட்டோம். பையன் வுயுந்தா அவன கேக்க மாட்டாங்க, என்னத்தான் கேப்பாங்க.” இப்பள்ளியில் பிள்ளை விழுந்தாள். இதுவரை ஒருவரையும் ஒருவரும் கேட்கவில்லை.

9. ஜூலை 30 அன்று நான் பள்ளிக்குச் சென்றேன். பயிற்சியை நிறுத்தும்படியும், முடியாதென்றால் என் கணவர் பெயரையாவது எடுத்துவிடும்படியும் கேட்டேன். தாளாளர் என்னை உட்காரச் சொல்லி, குளிர்பானம் வரவழைத்து, பொறுமையாகவே பேசினார். “நீங்க எமோஷனலா பாக்கறீங்க. பூபாலன் சார் இப்ப உங்க குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்ல, நாட்டுக்கே சொந்தம். ஷீபாவோட படிப்பையும் நெனச்சுப் பாருங்க” என்றார். கடைசி வாக்கியத்தின் பொருள் எனக்குப் புரிந்தது.

வெளியே வந்தேன். முன்கூடத்தில் சந்தன மாலையுடன் அவருடைய படம் இருந்தது. இராணுவ உடையில் எடுத்த, எங்களிடம் இருந்த ஒரே பெரிய படம். பிரதி எடுத்துக்கொண்டு தருவதாக வாங்கியவர்கள் தரவேயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பலர் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

10. ஆகஸ்ட் 1 அன்று என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். பள்ளியின் உடைமையைத் திருடியதாகவும், ஊழியர்களை மிரட்டியதாகவும் புகார். உதவி ஆய்வாளர் மரியாதையாகவே நடந்துகொண்டார். “இன்னாம்மா இது? உங்க வூட்டுக்காரர் போட்டோவ நீங்களே தூக்கினு போய்ட்டீங்கன்னு எழுதிக் குடுத்துக்கீறாங்க. இதுக்கு நான் இன்னா செக்‌ஷன் போடறது?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தை எடுத்தேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், தங்களுக்கும் எழுதுகிறேன். எடுத்தது உண்மை. திருப்பித் தர மாட்டேன்.

11. நேற்று ஞாயிற்றுக்கிழமை, இலவச இடத்துப் பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும் எங்கள் காலனியில் கூடினோம். பயம் எல்லோருக்கும் இருந்தது. இடம் போய்விட்டால் என்ன செய்வது என்றே பாதி நேரம் பேசினோம். கடைசியில் திரு. ராஜேந்திரன்தான் எழுந்து, “படிக்கத்தான் அனுப்சோம். படிக்க வுட்டா போவட்டும். கிரவுண்டுக்குன்னா இனிமே எம் பொண்ணு வராது” என்றார். மற்றவர்களும் அவ்வாறே முடிவு செய்தார்கள். இன்று காலை பிள்ளைகள் மைதானத்துக்குப் போகாமல் நேராக வகுப்பறைக்குச் சென்று உட்கார்ந்துவிட்டார்கள் என்று, மனு கொடுக்க இங்கே வரிசையில் நிற்கும்போது தெரிந்துகொண்டேன். அவர்களை வெளியேற்றினார்களா இல்லையா என்று இந்த நிமிடம் வரை தெரியவில்லை. அவர்களில் என் மகளும் இருக்கிறாள்.

ஆகவே நான் வேண்டுவது:

இப்பயிற்சியைத் தாங்கள் உடனே நிறுத்தி, யாருக்கு விலக்கு தரப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று விசாரிக்க வேண்டும். தெய்வநாயகியைச் சான்று எதுவும் கேட்காமல் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அவளுக்கு நேர்ந்ததற்குப் பள்ளி பொறுப்பேற்க வேண்டும். இன்று வகுப்பறைக்குப் போன எந்தப் பிள்ளையின் இடமும் பறிபோகக் கூடாது. என் கணவரின் பெயரும் படமும் அழைப்பிதழிலிருந்தும் விளம்பரப் பலகையிலிருந்தும் நீக்கப்பட வேண்டும். எங்கள் காலனி நடுநிலைப் பள்ளிக்கு 1999இல் அறிவித்தபடி அவர் பெயரை வைக்க வேண்டும்.

இராணுவத்துக்கு எதிராக நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. என் மகள் நாளை தானாக விரும்பிப் போவதாகச் சொன்னால் நானே பெட்டி கட்டிக் கொடுப்பேன். அவளை யாரும் பிடித்துத் தள்ள விடமாட்டேன்.

ஆகஸ்ட் 15 காலை, மேல்கழனி காலனி நடுநிலைப் பள்ளியிலும் கொடி ஏற்றுகிறோம். தலைமை ஆசிரியை திருமதி வரலட்சுமி சம்மதம் தெரிவித்துவிட்டார். அணிவகுப்பு கிடையாது. பேச்சும் கிடையாது. என் கணவருக்கு மரியாதை செலுத்தத் தாங்கள் விரும்பினால் அங்கே வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் வரும் வரை பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். வந்த பிறகு எழுந்து நிற்பார்கள்.

நாள்: 04.08.2003
இடம்: காஞ்சிபுரம்

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பூ. ஜெனிட்டா

நகல்:
மாவட்டக் கல்வி அலுவலர், செங்கல்பட்டு.
முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர், காஞ்சிபுரம்.