முப்பத்தாறு வீட்டுக்கும் நான் சொன்ன பதில்

பீர்க்கன்கரணை,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

பேத்தி மிருதுளாவுக்கு ஆயா எழுதுவது.

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று உன் காலேஜ் சார் கேட்டாராமே. நான் சொல்கிறேன், கேள். மார்கழி பதினொன்று, காலை பத்தேகால் மணி. நம் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு விட்டிருக்கும் நான்கு வீட்டில் இரண்டாவது வீடு. வீடு வீடாக வாந்தி பேதிக் கணக்கு எடுக்கக் கையில் கேள்வித் தாள்கட்டோடு நீ. வாசற்படியில் ஹெப்சி. அவள் இடுப்பில் அவளுடைய பெண் குழந்தை, மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு. பக்கத்து வீட்டு அனுப்பிரியா, துணி உலர்த்துகிற சாக்கில் காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு நான்.

பேசும்போது உடன் இருந்தவர் யார் என்று உன் தாளின் கடைசியில் ஒரு கேள்வி. அதில் 'ஆயா' என்று எழுதினாய். ஏரிக்கரைத் தெருவில் முப்பத்தாறு வீடு, முப்பத்தாறு தாளிலும் 'ஆயா'. எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? உண்மையை எழுதுகிறேன் பேர்வழி என்று எழுதிவிட்டு, உன் சார் லக்ஷ்மிநாராயணன் இதெல்லாம் செல்லாது, பங்குனி முடிவதற்குள் திரும்பப் போய்க் கேள் என்றதும், படிப்பே வேண்டாம், ஊருக்கு வருகிறேன் என்று உன் அப்பனுக்கு மெசேஜ் போடுகிறாய். ஒன்றரை வருஷம் புனேயில் போய்க் கிடந்தது இதற்குத்தானா?

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. இன்றோடு பத்து நாள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள் என்னை. எழுத்து கோணலாக இருந்தால் நீயும் தலையைச் சாய்த்துப் படி.

உன் அப்பன் இருக்கிறானே, வரட்டும் அம்மா, குரோம்பேட்டையில் ஏதாவது ஆஸ்பத்திரி ஆபீசில் சேர்த்துவிடலாம் என்கிறான். நீ என்ன படிக்கிறாய் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும். டாக்டரா, ஊசி போடுவாளா, எங்களுக்கு மாத்திரை எழுதித் தருவாளா என்று தெருவே கேட்டது. நோய் வந்தவனைப் பார்க்கிறவர் டாக்டர், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறவள் என் பேத்தி என்று ஒன்றரை வருஷமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. இப்போது நீ பெட்டியோடு வந்து இறங்கினால் நான் யார் முகத்தில் விழிப்பது?

நான் என்ன தப்பு செய்தேன், சொல். உனக்கு யாரைத் தெரியும் இந்தத் தெருவில்? நான் கூட வராவிட்டால் பாதி வீட்டில் கதவே திறந்திருக்க மாட்டார்கள். திறந்தவர்களும் பொய் சொல்லியிருப்பார்கள். வீட்டில் யாருக்கும் வாந்தி பேதி வந்ததில்லை என்று அந்த அனுப்பிரியா கூசாமல் சொன்னாளே. புரட்டாசி மாதம் அவள் புருஷனை மறைமலை நகர் கம்பெனி பஸ் பாதியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதை எடுத்துச் சொன்னது யார்? கேட்டின்மேலேயே வாந்தி எடுத்தான். கழுவிவிட்டது நான். அவள் மறப்பாள், நான் மறப்பேனா?

உன் சாருக்கு இது புரியவில்லை. வீட்டுக்கார அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் எந்தக் குடித்தனக்காரி வாய் திறப்பாள் என்று கேட்டாராம். ஒரு நாள் நீ போனில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது நான் பின்னால் வந்து நின்றேன். அது யார் என்று கேட்டார். ஒரு வணக்கம் இல்லை. அதையும் நான் மறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன்னோடு படிக்கிற ஜோசலின் வந்தாள். அவள் வீடு தாம்பரத்தில்தானே, லீவுக்கு வந்த இடத்தில் நம் நான்கு வீட்டிலும் மட்டும் திரும்பக் கேட்டுப் பார் என்று உன் சார் சொல்லியிருக்கிறார். நல்ல பெண்தான், நடை மட்டும் கொஞ்சம் அதிகாரம். ஆயா, நீங்கள் உள்ளேயே இருங்கள், கதவையும் சாத்திக்கொள்ளுங்கள் என்றாள். என் வீட்டில், என் கதவை. சாத்தினேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டேன், ஒன்றும் விழவில்லை. நீ ஹெப்சி வீட்டில் பத்து நிமிஷத்தில் முடித்தாய். இவள் முக்கால் மணி நேரம். வெளியே வந்தவளை என்ன சொன்னாள் என்று கேட்டால், சொல்லக் கூடாது ஆயா என்கிறாள். போகும்போது ஹெப்சி வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அந்தக் குழாயை நான் தொட்டுப் பல வருஷம். நமக்குத்தான் கேன் தண்ணீர் வருகிறதே. திறந்தேன், பிடித்தேன், முகர்ந்தேன். சாக்கடை. செப்டிக் டேங்கும் போர் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உன் தாத்தா போட்டது. மழையில் ஏரி ஏறியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஹெப்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். குழந்தையை இறக்கிவிட்டாள். அப்புறம் சொன்னாள். "தண்ணி நாறுதுன்னு சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயந்துகினு இருந்தேம்மா. நீங்க எதையும் மறக்க மாட்டீங்க."

ஐப்பசியில் அவள் வீடு ஐந்து நாள் பூட்டிக்கிடந்த பேச்சு வந்ததே, நினைவிருக்கிறதா? யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களா என்று நீ கேட்டபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். இல்லை, மரக்காணத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், ஐந்து நாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று. அவள் ஆமாம்மா என்றாள். நீ எழுதிக்கொண்டாய். அந்த ஐந்து நாளும் குழந்தை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்திக்கொண்டு கிடந்திருக்கிறது, மிருதுளா. கண் செருகி, அழக்கூடத் தெம்பு இல்லாமல். பேதி. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தபோது, ஊர் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறேன் நான். நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கிறாள்.

போர் மோட்டாரைக் கழற்றிவிட்டேன். நான்கு வீட்டுக்கும் இப்போது லாரித் தண்ணீர். செப்டிக் டேங்கை இடம் மாற்ற ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். உன் அப்பன் எதற்கு இவ்வளவு அவசரம் என்றான். அவனோடு நான் பேசுவதில்லை, மூன்று நாளாகிறது.

ஆனால் இது நம் நான்கு வீடு மட்டும். மிச்சம் முப்பத்திரண்டு வீடும் இதே பூமி, இதே ஏரி. அங்கேயெல்லாம் நான் எத்தனை பேருக்குப் பதில் சொன்னேன் என்று படுத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கிறேன். எல்லாம் ஞாபகம் வருகிறது, எது சரி என்றுதான் தெரியவில்லை. அது அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். அதைக் கேட்கத் தெரிந்தவள் நீ. பெட்டியோடு வராதே, தாள்கட்டோடு வா. எத்தனை நாள் ஆனாலும் இருந்து கேள். அதுவரைக்கும் நான் மறைமலை நகரில் உன் அத்தை வீட்டில் இருக்கிறேன். அவள் சாம்பார் வாயில் வைக்க முடியாது, உனக்கே தெரியும். இருந்தாலும் போகிறேன். என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது.

கங்கையம்மன் உனக்குத் துணையிருப்பாள். வேளைக்குச் சாப்பிடு. போனை எடு.

இப்படிக்கு,
உன் ஆயா கங்கையம்மாள்

இன்னொன்று. உன் சாரிடம் அவர் சொன்னது சரிதான் என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடு. ஹெப்சி என்னை மன்னித்துவிட்டாள், குழந்தையை என் மடியில் விடுகிறாள். அனுப்பிரியாவை நான் மன்னித்துவிட்டேன், கேட்டைக் கழுவியதோடு சேர்த்து. உன் அப்பனைக்கூட அடுத்த வாரம் மன்னித்துவிடுவேன். ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, என் வீட்டு வாசலில் நடப்பதை எனக்கு முன்னால் தெரிந்துகொண்ட அந்த ஆளை மட்டும் நான் சாகும்வரைக்கும் மன்னிக்க மாட்டேன். அந்த லக்ஷ்மிநாராயணனை.