நடுக்கோட்டு வரவேற்பு

போஃபர்ட், வட கரோலினா
4 மே 1948

கொழுந்தன் டூயிக்கு,

அண்ணி வெர்லீன் எழுதுவது. உன் அண்ணன் ரேபர்னை அடக்கம் செய்தாயிற்று. சவப்பெட்டியோடு வந்த மாலுமி, "திறக்காதீங்கம்மா" என்றான். திருகாணிகளைக் கழற்றினேன். கட்டினவர் முகத்தைப் பார்க்காமல் புதைப்பேனா?

வழுக்கி விழுந்து தண்ணீரில் மூழ்கினார் என்று கடற்படையில் எழுதியிருக்கிறார்கள். வழுக்கினவர் முதுகில் வரிவரியாகத் தோல் ஏன் கிழியணும்? பிடரியில் விரல் தடம் ஏன்? நீயும் அதே கப்பல்தானே. சொல்லு.

வெர்லீன்

கப்பலிலிருந்து
23 மே 1948

அன்புள்ள அண்ணி,

பூமியின் நடுக்கோட்டை முதல்தடவை தாண்டுகிறவனைப் பழைய ஆட்கள் 'வரவேற்பது' எங்கள் வழக்கம். உப்புத்தண்ணியில் ஊறிய கித்தான் சுருளால் அடிப்போம். யுத்தத்தில் நானும் வாங்கினேன், ஒரு வாரம் உட்கார முடியலை. பிறகு 'நானும் பழைய ஆள்' என்று கத்தும்வரை தொட்டியில் முக்குவோம்.

அண்ணனுக்கு யுத்தம் முழுக்கக் கரைவேலை. இதுதான் முதல் பயணம். "என்னடா டூயி, அண்ணன்னா கை வலிக்குதா? முத்தம் குடுத்து அனுப்பு" என்று பையன்கள் கேலி பண்ணினாங்க. அதனால் எல்லாரையும்விட ஓங்கி அடிச்சேன். தொட்டியில் தலையை அமுக்கினதும் நான்தான். அவன் கத்தவே இல்லை. நம்ம டோல்சன் குடும்பத்துப் பிடிவாதம்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், அண்ணி.

விசாரணையில் எல்லாரும் வழுக்கினான்னே சொன்னோம். ஜூனில் லீவு. வரலாமா?

உங்கள் டூயி

போஃபர்ட்
2 ஜூன் 1948

டூயி,

வா. ஆனால் முதலில் கேப்டனிடம் போய், எனக்கு எழுதினதை உன் வாயால் சொல்லு. சொல்லாமல் என் படி ஏறாதே.

வெர்லீன்

போஃபர்ட் சிறை
21 ஜூன் 1948

டூயிக்கு, கடற்படை ஆஸ்பத்திரி,

உன் கையை வெட்டி எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னதாகப் பாதிரியார் சொன்னார். சரி.

வெள்ளை உடுப்பு மடிப்புக் கலையாமல் வந்து நின்றாய். "கேப்டன்கிட்ட சொல்லிட்டியா?" என்றேன். "மீன் வாசம் தூக்குது அண்ணி, முதல்ல சாப்பிடுவோம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தானே அவரும் கடைசியாகக் கேட்டிருப்பார். வாத்து சுடுகிற துப்பாக்கியை எடுத்தேன். நெஞ்சுக்குத்தான் குறி வைத்தேன், தோளில் பட்டது. நீ அலறினதில் தெருவே ஓடிவந்தது.

ஷெரிப் நல்ல மனுஷன். "துடைக்கும்போது தவறி வெடிச்சிருக்கும், இல்லையாம்மா?" என்று அவரே வழி காட்டினார்.

"இல்லைங்க. நான்தான் சுட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான், டூயி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே உண்மையைச் சொல்ல வாய் வந்தது.

வெர்லீன் டோல்சன்