வியாழக்கிழமை நல்ல சேதி

ஆண்டாப் ஹில்,
மும்பை.
சனிக்கிழமை

அன்பு மகன் சுதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் வீடியோவில் வா என்றால் நெட் சரியில்லை என்கிறாய், நெதர்லாந்தில் நெட் சரியில்லை என்றால் யார் நம்புவார்கள், மெலிந்துபோய் முகத்தைக் காட்டாமல் இருக்கிறாய் என்றுதான் எனக்குச் சந்தேகம். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் காகிதம் என்று கேட்பாய். இது போனில் சொல்ல முடியாத விஷயம், ஏன் முடியாது என்பது படித்தால் தெரியும். நாலாம் வகுப்போடு தமிழை விட்டவன் நீ, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, கூட்டியே படி. அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்து ஆட்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடாதே, சங்கம் கிளப் என்றாலே இப்போது எனக்கு ஆகவில்லை.

விஷயம் அப்பாவைப் பற்றியது. நீயும் அவரும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்த பிறகு ஹாலில் மாட்டச் சொல்லி நீ ஒரு கேமரா அனுப்பினாய், அவர் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார், விழுந்து செத்துக் கிடந்தாக்கூட யாருக்குத் தெரியும் என்று நீ ஸ்பீக்கரில் கத்தினாய், என்னை வேவு பாக்க நீ என்ன போலீஸா, இனிமே எனக்குப் போன் போடாதே என்று அவர் சொன்னார். நீயும் போடவில்லை. சொன்ன வார்த்தையை இப்படி அட்சரம் பிசகாமல் கேட்கிற பிள்ளை படிக்கிற காலத்தில் எங்கே போயிருந்தான் என்று நினைத்துக்கொள்வேன். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் நான் ஸ்பீக்கர் போடுவதில்லை. உன் குரலைக் கேட்டால் அவருக்கு பிரஷர் ஏறிவிடுமோ என்று பயந்து, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று பேசுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் மறுபடி பேச வேண்டும், இந்த வீட்டில் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அவர் மைத்ரி சேவா கிளப்பில் சேர்ந்தார். எல்லாம் ஹமீது பாய் செய்த வேலை, கிங்ஸ் சர்க்கிளில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, கடையநல்லூர்க்காரர், அவர்தான். நம் கட்டடத்துக்குக் கீழே கிளப்காரர்கள் கண் முகாம் போட்டார்கள். பரிசோதனைக்கு வரிசையில் நின்ற அப்பாவை ஹமீது பாய் முதலில் நாற்காலி போடச் சொன்னார், பிறகு கூட்டத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னார், கடைசியில் வியாழக்கிழமை மீட்டிங்குக்கு வாங்கண்ணாச்சி என்று கூட்டிக்கொண்டே போய்விட்டார். வாரா வாரம் மாட்டுங்காவில் ஒரு ஸ்கூல் ஹாலில் கூடுகிறார்கள். எனக்கு முதல் நாளே மனசு ஒப்பவில்லை. முகாம் போடுகிறார்கள், ரத்த தானம் நடத்துகிறார்கள், மழைக்காலத்தில் டிராஃபிக் போலீஸ்காரர்களுக்கு ரெயின்கோட் கொடுக்கிறார்கள், எல்லாம் நல்லதுதான். ஆனால் நல்லது செய்கிறவர்களுக்கு வாரா வாரம் என்ன மீட்டிங், மேஜைமேல் எதற்கு வெண்கல மணி, சட்டைப்பையில் எதற்கு பேட்ஜ்? கார்ப்பரேஷன் எலெக்‌ஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அப்பாவோ புதன்கிழமை சாயங்காலமே வெள்ளைச் சட்டையை எடுத்துத் தானே இஸ்திரி போட ஆரம்பித்தார். வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடயர் ஆகிற வரைக்கும் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்க்காத மனிதர். மீசைக்கு மை வேறு. என்ன விசேஷம் என்று கேட்டால், கிளப்ல எல்லாரும் நீட்டா வருவாங்கட்டி என்றார். எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் என் கண்ணாடியின் கால் உடைந்து ஹமீது பாய் கடைக்குப் போனேன். அவர் ஸ்க்ரூ போட்டுக்கொண்டே, அக்கா, தம்பி அங்க கார் எடுத்திருக்கானாமே, ஸ்வீட் எங்கே, அண்ணாச்சி கிளப்ல சொல்லி மணி அடிச்சாரே என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் ஆமாம் என்று அசடு வழியச் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். நீ கார் வாங்கியிருக்கிறாய், அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. அப்படியானால் அப்பாவும் மகனும் எனக்குத் தெரியாமல் ராசியாகிவிட்டார்கள். நல்லதுதானே, உனக்கென்ன என்பாய். சந்தோஷம் பாதிதான், எரிச்சல்தான் முழுசு. நடுவில் நின்று இரண்டு பக்கமும் இடி வாங்கியவள் நான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். நீ கூப்பிட்டதும் இல்லை, அவர் கூப்பிட்டதும் இல்லை. அழித்துவிட்டாரோ என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாட்டுங்காவில் பூ வாங்கும்போது மாலதி மாமியைப் பார்த்தேன். கிளப் தலைவர் சந்திரமௌலி சாருடைய மனைவி. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பிள்ளை அங்கேயே ஃபிளாட் வாங்கிட்டானாமே, உங்காத்துக்காரர் நெல்லையப்பன் சார் சொல்றச்சே அவர் குரலே மாறிடுத்து, எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம் என்றார். மீட்டிங் தொடங்கியதும் நல்ல சேதி நேரம் என்று ஒன்று உண்டாம். அந்த வாரம் வீட்டில் நல்லது நடந்தவர்கள் எழுந்துபோய் அதை மைக்கில் சொல்லி, அந்த மணியை ஒரு தடவை அடித்துவிட்டு வந்து உட்கார வேண்டுமாம். முன்பெல்லாம் வாயே திறக்காத சார் இப்போ அடிக்கடி எழுந்துக்கறார் என்றார் மாமி. அந்த ஞாயிறு உன்னைச் சுற்றி வளைத்துக் கேட்டேனே, நினைவிருக்கிறதா? ஒரு ரூமுக்கு வாடகை கட்டுறதே பெரும்பாடும்மா, வீடா என்று சிரித்தாய். அப்பா பொய் சொல்கிறாரா, நீ பொய் சொல்கிறாயா என்று தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது. அடுத்த வியாழன் குடும்பத்தோடு வர வேண்டிய கூட்டம், நீங்க வரேளோல்லியோ என்று மாமி கேட்டிருந்தார். அப்பா என்னிடம் மூச்சு விடவில்லை. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று.

அவர் கிளம்பிப் போனதும் அடுத்த பஸ்ஸில் நானும் போய் ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிரார்த்தனை முடிந்தது, நல்ல சேதி நேரம் வந்தது. ஹமீது பாய் தன் மகள் சஃப்ரீன் பரீட்சையில் பாஸான செய்தியைச் சொல்லி மணி அடித்தார். ஒரு அம்மாள் நாய்க்கு உடம்பு குணமானதற்கெல்லாம் மணி அடித்தார். அப்புறம் உன் அப்பா எழுந்தார். வீட்டில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவர், மைக்கைக் கையில் வாங்கி, எம்மவன் சுதன் டிசம்பர்ல வாரான், டிக்கெட் போட்டாச்சு என்றார். ஒரு தடவை அடிக்க வேண்டிய மணியை இரண்டு தடவை அடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சந்திரமௌலி சார் உடனே எழுந்து, அப்போ டிசம்பர் கடைசி வியாழக்கிழமை நமக்கு கெஸ்ட் ஸ்பீக்கர் சுதன்தான், அந்த ஊர்க்காரா கடலையே அணை கட்டி நிறுத்தியிருக்கா, இங்கே கிங்ஸ் சர்க்கிள்ல ஒரு மழைக்கே தண்ணி நிக்கறது, அதைப் பத்திப் பேசட்டும் என்று அறிவித்துவிட்டார். நீ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் என்று ஒருவரும் சொல்லவில்லை, அப்பாவும் பலமாகத் தலையாட்டினார். திரும்பி நடக்கும்போதுதான் என்னைப் பார்த்தார். பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் போய் உட்கார்ந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். டிக்கெட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லுவார், இல்லாவிட்டால் நிஜத்தைச் சொல்லுவார், இரண்டையும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது டிக்கெட் என்ற வார்த்தை மண்டையில் தட்டியது. பாரிஸ் பார்க்க ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று நீ சொன்னபோது நான் என்ன கேட்டேன்? டிக்கெட் போட்டாச்சா, டிசம்பர் கடைசியிலயா, எத்தனை நாளு லீவு, சரி ராசா, பத்திரமா போயிட்டு வா. இதில் போயிட்டு என்பதை விட்டுவிட்டு வா என்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். அப்புறம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. நீ பழைய சைக்கிள் வாங்கியபோது, வண்டி எடுத்துட்டியா, நல்லா ஓடுதா, மழையில நனையாம நிறுத்து என்றேன், அது கார் ஆகிவிட்டது. நீ ரூம் மாறியபோது, வீடு மாறியாச்சா, பால் காய்ச்சினியா என்று விளையாட்டுக்குக் கேட்டேன், அது ஃபிளாட் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தவுடன் அவர் டிவி சத்தத்தைக் குறைப்பார். எரிச்சலில் குறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். கேமராவுக்கு அத்தனை ஆட்டம் ஆடியவர், வாரா வாரம் ஹாலில் உட்கார்ந்து நான் பேசுகிற பாதியைக் கேட்டு, உன் பாதியைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

இருந்தாலும் எனக்குச் சந்தேகம் தீர வேண்டாமா? போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகும் நான் காதிலிருந்து எடுக்கவில்லை. ஏய்யா, பல்லு வலிக்கா, கடவாப் பல்லா, கன்னம் வீங்கியிருக்கா என்று எதிரில் ஆளில்லாமல் பேசினேன். திங்கள்கிழமை காலையில் அவர் கிங்ஸ் சர்க்கிள் போனார். திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, வெளிநாட்டுக்குக் கொரியர்ல கிராம்பு விடுவானா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். யாருக்கு என்று கேட்டேன். சும்மா கேட்டேன் என்றார். சுதன், அவர் அந்தப் பக்கம் போனதும் நான் நின்று அழுதேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த வியாழன் மீட்டிங் முடிந்து மாலதி மாமி போன் பண்ணி, சார் இன்னிக்கு எழுந்துக்கவே இல்லையே, ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானே என்று விசாரித்தார். உனக்குப் பல் வலி என்றால் அவருக்கு அந்த வாரம் நல்ல சேதி கிடையாது. அவர் சொன்னதெல்லாம் பொய் என்று நான் நினைத்தேன், பொய் இல்லை. காதில் விழாத பாதியில் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை அவர். கார் வாங்கிக் கொடுத்தார், வீடு கட்டிக் கொடுத்தார், டிசம்பரில் உன்னை இங்கே கொண்டுவந்தும் விட்டார்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிசம்பர் கூட்டத்துக்கு உன் பெயரை நோட்டீஸில் போட்டுவிட்டார்கள். நீ வரவில்லை என்றால் அங்கே யாரும் குத்திப் பேச மாட்டார்கள், பரவாயில்லை சார் என்று முதுகைத் தட்டுவார்கள், அதுதான் எனக்குப் பயம். அதற்குப் பிறகு அவர் அந்த ஹால் பக்கமே போக மாட்டார், வீட்டில் டிவி முன்னால் முடங்கிவிடுவார். கிளப்பின் மேல் எனக்கு இருந்த சந்தேகம் போய்விட்டது என்று நினைக்காதே, ஆனால் அவர் வாய் திறந்து உன் பெயரைச் சொல்கிற இடம் இப்போதைக்கு அது ஒன்றுதான். இந்த விஷயம் எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் காட்டிக்கொள்ள மாட்டேன், தெரிந்தால் அதன் பிறகு டிவி சத்தத்தைக் குறைக்கவே மாட்டார். பாரிஸ் எங்கேயும் ஓடிவிடாது, டிக்கெட்டை மாற்ற முடிந்தால் மாற்றிவிட்டு இங்கே வா. முடியாது என்றால் அதையும் நீயே உன் வாயால் அவரிடம் சொல். என் நம்பருக்குப் போட்டு அப்பாகிட்ட குடும்மா என்று சொல்லாதே, கைமாற்றிக் கொடுத்தால் வாங்க மாட்டார், அவர் நம்பருக்கே போடு. வியாழக்கிழமை காலையில் போட்டால் நல்லது. எடுத்ததும் யாரு என்பார். உன் பெயர் போனில் தெரிந்தாலும் யாரு என்றுதான் கேட்பார், அதற்கு ரோஷப்பட்டு வைத்துவிடாதே.

இந்தக் காகிதத்தைக் கிராம்போடும் கொஞ்சம் வடகத்தோடும் உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறேன், கொரியருக்குக் கொண்டுபோவது அவர்தான். பொட்டலம் என்ன கனமா இருக்கு என்று இப்போதே ஒரு தடவை கேட்டுவிட்டார். நாளைக்கு நீ கூப்பிடும்போது நான் பல்லைப் பற்றி விசாரித்தால் அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைப்பாய், இது கைக்கு வந்ததும் தெரிந்துகொள்வாய். வேளைக்குச் சாப்பிடு, சைக்கிளில் போகும்போது காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போகாதே. முப்பிடாதி அம்மன் உனக்குத் துணையிருப்பாள், நீ நன்றாக இருப்பாய். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. யாரு என்று கேட்ட பிறகு அவர் முதலில் விசாரிக்கப்போவது பல்லைத்தான். எனக்கு ஏதுப்பா பல் வலி என்று சொல்லித் தொலைக்காதே, நீங்க அனுப்பின கிராம்பை வச்சேன், வலி விட்டுட்டுப்பா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
உமாமகேஸ்வரி