கவிழ்த்து வைத்த திராட்சைத் தோல்

அக்கா,

இன்று காலை பேத்தி சிவப்புத் திராட்சை வாங்கி வந்து, கழுவிக் கிண்ணத்தில் போட்டு என் முன்னால் வைத்தாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது அது. "மாத்திரையை விட்டுடாதீங்க அப்பத்தா. கூடவே செவப்புத் திராட்சையும் தின்னுங்க, ரத்தக்குழாய்க்கு நல்லது. தோலைத் துப்பிப்புடாதீங்க. நல்லதெல்லாம் தோலுலயும் கொட்டையிலயும்தான் ரொம்ப இருக்கு" என்றது அந்தப் பெண். "பல்லு இருக்கவளுக்குச் சொல்லு ஆத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பல் இல்லாதவள் என்ன செய்வாள்? ஒரு பழத்தை எடுத்து இரண்டு விரலால் பிதுக்கினேன். சதை முழுசாக வாய்க்குள் குதித்தது. விரலில் வெறும் தோல் நின்றது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சதை இல்லை. அதோடு என் கை நின்றுவிட்டது. நீ கொடுத்த தோல் இப்படி இருந்ததில்லை அக்கா.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. அது உனக்கும் தெரியும்.

வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம். அந்த வீட்டில் நீ மூத்த மருமகள், நான் இளையவள். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. மாமனார் காய்ச்சலில் விழுந்து, சோறு இறங்காமல் கட்டிலில் கிடந்தார். சிவப்புத் திராட்சையை உரித்து, கொட்டை எடுத்துக் கொடுங்கள் என்றார் வைத்தியர். உன் வீட்டுக்காரர் திருச்சிராப்பள்ளி போய் ஓலைப்பெட்டியில் வாங்கி, திருமயத்தில் இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்து ஊருக்கு நடந்து வந்தார். நம் தெருவில் பாதிப்பேர் அதுவரை திராட்சையைக் கண்ணால் கண்டதில்லை.

நான் அப்போது ஆறு மாதம். தலைச்சன். குனிந்து எழுந்தால் கண் இருட்டும். அத்தை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பழத்துக்குக் காவல் இருந்தார். "மாசமா இருக்கவ இதைத் தின்னா புள்ளைக்குச் சீதளம் புடிக்கும். அவ கண்ணுல காட்டாதே" என்று உன்னிடம் சொன்னார். என் காதில் விழத்தான் சொன்னார்.

அன்று காலையில் நீ என்னைக் கொல்லையில் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாய், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல. "என்னடி இம்புட்டு வெளுத்துக் கெடக்கு?" என்றாய். உன் கையைத் தட்டிவிட்டேன். உன் தலைச்சன் வெளுத்துப் பிறந்து மூன்றாம் நாள் போனதும், பிறகு உன் வயிற்றில் ஒன்றும் தங்காததும் ஊருக்கே தெரியும். என் வயிறு உனக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன்.

மத்தியானம் நீ அடுப்படி வாசலில், அத்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உரித்தாய். பழம் கிண்ணத்துக்கு, தோல் தட்டுக்கு. மாமனாரைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தாள். அவள் இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டாய்.

"ஏ சின்னவளே, இங்கிட்டு வா. இந்தா, தோலு."

"அது எதுக்குடி அவளுக்கு?" என்றார் அத்தை.

"வெள்ளாட்டுக்குப் போடுறத இவளுக்குப் போடுறேன் அயித்தே. ரெண்டும் எந்நேரமும் எதையாச்சும் மென்னுக்கிட்டுத்தானே இருக்குதுக."

அத்தை சிரித்தார். வந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போடு, போடு. ஆடாச்சும் பாலு குடுக்கும்" என்றார் அத்தை.

தட்டை வாங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். கொட்டத்தான் போனேன். வயிறு விடவில்லை. அழுதுகொண்டே தின்றேன். அந்தப் பெட்டி தீரும்வரை, பிறகு வந்த இரண்டு பெட்டியும் தீரும்வரை, தினமும் அதே தட்டு, அதே வெள்ளாட்டுப் பேச்சு.

மகன் பிறந்தான். நாங்கள் தனிக்குடித்தனம் போனோம். அவன் காதுகுத்துக்கு நீ வந்தாய். அவன் கையைப் பிடித்து விரலைப் புரட்டி நகத்தைப் பார்த்து, "தோலு தின்னவ புள்ளை எம்புட்டுச் செவப்பா இருக்கான் பாரு" என்றாய். சபையில் மறுபடியும் என் மானத்தை வாங்குகிறாய் என்று பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். வெறும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாய்.

அதன்பிறகு நான் உனக்கு முகம் கொடுக்கவில்லை. நீ கண்ணை மூடியபோது ஆள் வந்து சொன்னது. வீட்டுக்காரரும் முந்திப் போய், பிள்ளையும் இல்லாத உனக்குக் கொள்ளி வைக்கிற முறை என் மகனுக்குத்தான். அவன் புறப்பட்டும் விட்டான். வாசலை மறித்து நின்றேன்.

"வெள்ளாட்டுக்குப் பொறந்தவன் கொள்ளி வச்சா அவ ஒடம்பு வேகாது. நீ போகக்கூடாது."

"பெரியாத்தா அப்படி என்னதான் ஆத்தா செஞ்சாங்க?" என்று கேட்டான். நான் சொல்லவில்லை. யாரோ தூரத்துப் பங்காளி உனக்குக் கொள்ளி வைத்தார்.

இன்றுதான் அந்தத் தோலை நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் பழத்தைப் பிதுக்கினால் தோலில் எதுவும் மிஞ்சாது. மிஞ்ச வேண்டுமென்றால் மெனக்கெட வேண்டும். நகத்தால் கீறி, பாதிச் சதையைத் தோலோடு நிறுத்தி, மீதியை வழித்தெடுக்க வேண்டும். நானே செய்து பார்த்தேன். ஐந்து பழத்துக்குள் விரல் கடுத்துவிட்டது. நீ கொடுத்த ஒவ்வொரு தோலிலும் சதை இருந்தது. ஒரு பழம் உரிக்கத் துப்பில்லாதவள் என்றுதான் அன்று உன்னைப் பழித்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. தட்டில் தோலெல்லாம் கவிழ்ந்தே கிடக்கும். ஒன்றுகூட மல்லாந்திருக்காது. கட்டிலடியிலிருந்து பார்த்தால் வெறும் தோல்தான் தெரியும். வெள்ளாடு என்று நீ சொல்லாமல் இருந்திருந்தால், அத்தை எழுந்து வந்து தட்டைக் கிளறியிருப்பார்.

அந்தத் தோலில்தான் நானும் பிள்ளையும் பிழைத்தோம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னால் சிரிக்கும். சிரிக்கட்டும். மூன்று பெட்டிப் பழத்தில் பாதி என் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அக்கா. கிணற்றடியில், கொல்லையில், எங்கேயாவது. நான் காது கொடுத்திருக்க மாட்டேன், தெரியும். இருந்தாலும் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் ஒன்று உன்மேல் இருக்கிறது. அத்தைமேல் உள்ளது அப்படியே இருக்கிறது. அதை நான் விடுவதாக இல்லை.

சாயங்காலம் மகன் வருவான். அவனுக்கே பல் ஆடுகிறது. வாசலில் அவன் கேட்டதற்கு இன்று பதில் சொல்ல வேண்டும். வருகிற அமாவாசைக்கு உனக்கு ஒரு இலை போடச் சொல்ல வேண்டும், அவன் கையால்.

நான் கீறி உரித்த ஐந்து தோலும் தட்டில் இருக்கின்றன. கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறேன். அவன் வந்ததும் புரட்டிப் பார்க்கச் சொல்வேன்.