கரிக்கு ஒரு மூக்கு

பாய்,

நேற்று தேக்கா சந்தையில் சாம்பிராணி வாங்கப் போனேன். கடைக்காரப் பெண் ஒரு கரி வில்லையைப் பற்றவைத்துக் காட்டினாள். அது சுறுசுறுவென்று பொரிந்து, தீக்குச்சி மருந்தின் நெடி முகத்தில் அடித்தது. சிரட்டைக் கரி இல்லையா என்று கேட்டேன். "இது ஈஸி லா, அங்கிள். லைட்டர வச்சா போதும், உடனே பத்திக்கும்" என்றாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அங்கேயே பிரசங்கம் ஆரம்பித்திருப்பாய். நான் பிடிவாதமாக நிற்கவும், மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிக் கொடுத்தாள். இரண்டு கட்டிகளை எடுத்துக் காதோரம் தட்டிப் பார்த்தேன். கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

தட்டிப் பார்ப்பது உன் பழக்கம். அராப் ஸ்திரீட் பக்கத்துச் சந்தில் நீ ஷீஷா கடை வைத்திருந்த நாட்களில், ஹூக்காவுக்குக் கரி மூட்டை வந்து இறங்கினால் நீ வாடிக்கையாளர்களைக்கூடக் கவனிக்க மாட்டாய். இரண்டு கட்டிகளைத் தட்டுவாய். கணீரென்று கேட்க வேண்டும். பிறகு மின்னடுப்புச் சுருளின்மேல் வைத்து, எல்லாப் பக்கமும் சிவக்கும்வரை திருப்பித் திருப்பிப் போடுவாய். "சாம்பல பாருடா. வெள்ளையா இருக்கணும். கறுத்துப் போனா என்னத்தையோ கலந்துட்டான்னு அர்த்தம்" என்பாய். ஷீஷா இழுப்பவனுக்குப் புகையிலையின் பழவாசம்தான் வர வேண்டும், கரியின் வாசம் துளியும் வரக் கூடாது என்பது உன் கட்சி. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்பது என் கட்சி. நான் ஒரு இழுப்புகூட இழுத்ததில்லை. அதற்காக நீ என்னைக் கேலி செய்யாத நாளும் இல்லை.

என் மனைவி தவறிப்போன பிறகு ஒருநாள், எதற்கென்று தெரியாமல் உன் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் கரி காய்ந்துகொண்டிருந்தது. கருகின சர்க்கரை மாதிரி நாற்றமடிக்கிறதே என்று சொல்லிவைத்தேன். நீ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய். பிறகு அந்த மூட்டையை அப்படியே கட்டித் திருப்பி அனுப்பிவிட்டாய். "எனக்குச் சைனஸ்டா. இந்த மூக்கு கண்ணாடி மாட்ட மட்டும்தான் ஆகும். இனிமே வியாழக்கிழமை சரக்கு வரும்போது நீ வந்துடு" என்றாய்.

வந்தேன். சுவா சூ காங் வீட்டிலிருந்து ரயில் ஏறி, வியாழன் தவறாமல் வந்தேன். அலுத்துக்கொண்டேதான் வந்தேன். "நான் இல்லாட்டி உன் கடை என்ன ஆகும்" என்று பெருமையும் அடித்துக்கொள்வேன். நீயும் தலையை ஆட்டுவாய். முகர்ந்து பார்த்து நான் தேறும், தேறாது என்று சொல்லும்வரை ஒரு கட்டிகூடக் குடுவைமேல் ஏறாது. அப்புறம் தே தாரிக் டீ, முர்தபா ரொட்டி, உன் அரட்டை. வேலை முடிந்த பிறகும் என்னைக் கிளம்ப விடமாட்டாய். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சிங்கப்பூரில் ஷீஷாவுக்குத் தடை வந்ததும் நீ ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு கடல் தாண்டி இந்தோனேசியாவின் பாத்தாமில் கடை போட்டாய். வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே பூன் லே வீட்டில். கரி செய்கிற ஊருக்கே போயாகிவிட்டது, இனி என் மூக்கு எதற்கு என்று கேட்டேன். "அங்கதான்டா ஏமாத்துறான். நீ வா" என்றாய். ஹார்பர்ஃபிரண்டில் ஃபெர்ரி ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். சில தடவை வந்தேன். பிறகு முழங்கால் வலி என்றேன், மழை என்றேன். கடைசியாக நீ போன் செய்தபோது நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புதுச் சரக்கு வந்திருக்கு. எப்ப வர்றே?"

"ஒரு கரிக்காகக் கடல் தாண்டணுமா, பாய்? அங்கேயே வேற மூக்கா பார்த்துக்கோ."

நீ சிரித்தாய். சரிடா, உடம்பப் பார்த்துக்கோ என்று வைத்துவிட்டாய். அடுத்த வாரம் பூன் லே வீட்டில், விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை என்று உன் மகள் அழுதுகொண்டே சொன்னாள்.

உன் மனைவி இத்தா காலத் தனிமையை முடித்த பிறகு வீட்டுக்குப் போயிருந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், பாவம், சைனஸோடு காலமெல்லாம் கஷ்டப்பட்டானே என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"சைனஸா? அவங்களுக்கா? கீழ் வீட்டுல சம்பால் கிளறினா இங்கேருந்தே மோந்து, பெலாச்சான் கூடிப்போச்சுன்னு சொல்லுவாங்கண்ணே."

அப்படியானால் என்னை ஏன் வியாழன்தோறும் கரி முகரக் கூப்பிட்டான் என்று கேட்டேன். அவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"உங்க வீட்டம்மா போனப்புறம் நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கெடக்குறீங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க. சும்மா வாடான்னா வரமாட்டான், வேலை இருக்குன்னா வருவான்னாங்க. நான் சொன்னேன்னு மனசுல வச்சுக்காதீங்க."

வைத்துக்கொள்ளாமல் என்ன செய்ய? அன்று திரும்பும்போது ரயிலில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தேன். அந்தச் சர்க்கரை நாற்றம் உனக்கும் முதலிலேயே தெரிந்திருக்கும். நான் வருவதற்கு முன்பே ஒவ்வொரு மூட்டையையும் நீ முகர்ந்து முடித்திருப்பாய். தெரியாதவன் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு, என் தீர்ப்புக்காகக் காத்திருந்தாய். எவ்வளவு பெரிய நடிகன் நீ.

உன்மேல் கோபம்கூட வந்தது. சும்மா கூப்பிட்டிருக்கலாமே என்று மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். யோசிக்க யோசிக்க, சும்மா கூப்பிட்டிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்பது எனக்கே விளங்கியது. ஒருவர் என் துணைக்கென்று ஏற்பாடு செய்கிறார் என்று தெரிந்தாலே முறுக்கிக்கொள்கிற ஆள் நான். பாத்தாமுக்கு நீ கூப்பிட்டது உனக்காக இருந்திருக்குமோ என்றும் இப்போது தோன்றுகிறது. கூட்டாளியும் வேலைக்காரர்களும் சுற்றி இருந்தாலும், அந்த ஊரில் உன்னை 'பாய்' என்று கூப்பிட யார் இருந்தார்கள்? அதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இனிக் கேட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. இதுதான் நெஞ்சில் கிடக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது.

அத்தனை வியாழக்கிழமைகளிலும் நான் கரியைப் பார்க்கத்தான் வந்தேன், பாய். உன்னைப் பார்க்க ஒருநாளும் வந்ததில்லை.