மூச்சு இழுக்கும் சுவர்

அக்டோபர் 6, திங்கள்

வெம்மையையும் தண்மையையும் இரு கைகளாகக் கொண்டு உலகை ஏந்தும் பரம்பொருளே, எழுதும் விரலில் பொய் ஏறாமல் காத்தருள்.

இன்று காலை கூடத்தில் பாராயணம் செய்தபோது ஒவ்வோர் அடிக்கும் என் வாயிலிருந்து புகை எழுந்தது. பக்திப் பரவசம் அன்று, இந்த அயல்நாட்டுக் குளிர். வீடு முழுவதற்கும் சூடான காற்றை அனுப்பவேண்டிய நிலவறை ஹீட்டர் ஐந்து நிமிடம் எரிகிறது, அணைகிறது, முனகிவிட்டு மீண்டும் எரிகிறது. மாடிக்கு வெப்பம் எட்டுவதேயில்லை. விரல் மடக்க இயலாத மூட்டுவலியோடு இல்லாள் அடுக்களை அடுப்பருகே நாற்காலி போட்டுக் குடியேறிவிட்டாள்.

உண்ணும்போது அமைதியாகச் சொன்னாள்: "அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை தம்பி கார் எடுத்துட்டு வர்றான். குளிர் முடியறவரைக்கும் அங்க இருக்கேன். நீங்க புத்தகத்தைப் போத்திக்கிட்டு இருங்க."

மணமாகி நாற்பத்து நான்கு ஆண்டுகள். பத்து நாளுக்கு மேல் பிரிந்ததில்லை. பிரிவைப் பாடிய பழம்பாடல்கள் எத்தனையோ மனப்பாடம். ஒன்றும் உதவவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மைத்துனன் தொலைபேசினான். "அத்தான், எங்க அபார்ட்மெண்ட்ல பனியனோட உக்காந்திருக்கேன்." பனியனோடு அமர்வதுதான் வாழ்வின் பேறா என்று கேட்க நினைத்தேன். நாவடக்கம் காத்தேன், பல் தந்தியடித்ததும் ஒரு காரணம்.

அக்டோபர் 13, திங்கள்

முன்பு வந்த இரு மெக்கானிக்குகளும் பெரிய ஹீட்டர் வாங்கச் சொல்லிப் போனார்கள். இன்று வந்தவர் ஒரு தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். நிலவறைக்கே போகவில்லை. ஒரு மெல்லிய காகிதத்துடன் அறை அறையாக நடந்து, தரையிலுள்ள காற்றுத் துளைகளின் மேல் பிடித்துப் பார்த்தார். புழங்காத அறைகளில் சிக்கனம் கருதி நான் மூடிவைத்த துளைகளைத் தம் கால் கட்டைவிரலால் திறந்துகொண்டே போனார்.

பிறகு கேட்டார்: "ஐயா, காத்து வெளிய வர்றதுக்கு எட்டு வழி இருக்கு. உள்ள போற வழி எங்க?"

எனக்கு விளங்கவில்லை. "வீட்டுக் காத்தை இழுத்துத்தான் ஹீட்டர் சூடாக்கித் திருப்பி அனுப்பும். மூச்சை இழுக்கவே விடலேன்னா எப்படி விடும்?" என்றார்.

கூடத்துச் சுவரோரம் இருந்த என் நூல் அலமாரியின் பின்னால் டார்ச் அடித்தார். சொல்லாமலே கைகழுவி வந்து, மறைநூல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். அலமாரியை நகர்த்தியதும், சுவரில் பெரிய இரும்புச் சல்லடை. அதன்மேல் கம்பளம்போல் தூசி. காற்று ஓடாததால் ஹீட்டர் தன்னைத்தானே வேகவைத்துக்கொண்டு, எரிந்துபோகாமலிருக்க அணைந்துவிடுகிறதாம்.

"இதை இங்க யாரு வச்சது?"

"முன்னாடி குடியிருந்தவங்க" என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

முன்பு குடியிருந்தவர்கள் ஓர் ஆணியைக்கூட விட்டுப் போகவில்லை. வைத்தவன் நான். பதினோராண்டுக்கு முன், இங்கு வந்த முதல் குளிர்காலத்தில், படித்துக்கொண்டிருந்த ஏட்டின் ஓரம் அந்தச் சல்லடைப் பக்கம் இழுபடுவதைக் கண்டேன். வீட்டின் வெப்பத்தைத் திருடும் ஓட்டை என்று முடிவுகட்டினேன். திருடனின் வாயை மறைநூல்களால் அடைத்ததில் எனக்குப் பெருமிதம் வேறு!

மூச்சுப்பயிற்சியை நாற்பதாண்டு செய்தவன். உள்ளிழுத்தல், நிறுத்தல், வெளிவிடல். வீட்டுக்கு மட்டும் வெளிவிடல் போதும் என்று எப்படித்தான் நினைத்தேனோ. குளிரால் அவள் விரல் வீங்கியபோதெல்லாம், குளிர் மனத்தில்தான் இருக்கிறது என்று அவளுக்கே உபதேசம். ஐயோ, என்ன வாய் இது!

அவளிடம் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வேன்?

அக்டோபர் 18, சனி

அலமாரி எதிர்ச்சுவருக்குப் போயிற்று. ஹீட்டர் இடைவிடாமல் இருபது நிமிடம் எரிந்தது; நல்ல கச்சேரிக்கு அமர்வதுபோல் அமர்ந்து கேட்டேன். மாடியில் மட்டும் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

இரண்டு நாள் வேலை இன்று முடிந்தது. இருபத்தாறாண்டுப் பழைய ஹீட்டரைக் கழற்றி, குளிருக்கு வெப்பமும் கோடைக்குக் குளிர்ச்சியும் தரும் ஒரே இயந்திரத்தைப் பூட்டினார் மெக்கானிக் பெண். மூச்சு சீரான வீட்டுக்குச் சிறியதே போதுமாம். காற்றைக் கொண்டுபோகும் பழைய டக்டுகளையும் மாற்றவில்லை. மாடிக்குப் போகும் வழியில் பிளந்திருந்த இணைப்புகளுக்கெல்லாம் பசை பூசி அடைத்தார். வெப்பமெல்லாம் அங்கேதான் ஒழுகி, இத்தனை நாளும் எலிகளைக் குளிர்காயவைத்திருக்கிறது.

மூன்று மாதத்துக்கொருமுறை தூசி வடிக்கும் பில்டரை மாற்ற வேண்டும் என்றார். "அலமாரி அங்கயே இருக்கட்டும் ஐயா" என்றும் சொன்னார், முகத்தில் சிரிப்பில்லை.

சுவரிலுள்ள பொத்தானை அழுத்தி வெப்பநிலையை ஏற்றும் உரிமை இல்லாளுக்கு. முடிசூடுபவள் போல ஏற்றினாள். ஆயினும் தம்பியிடம் வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலைக் காபியின்போது, தலை குனிந்தபடி. அலமாரியை வைத்தவன் நான். மெக்கானிக்கிடம் சொன்னது பொய். பதினோராண்டு உன்னை நடுங்கவைத்ததும் நானே என்று.

தம்ளரை மெல்ல வைத்தாள். "அந்த அலமாரியை நீங்க ஒத்தையாவா தூக்குனீங்க?"

வேறு யாராம் என்றேன்.

"ஒரு முனையை நீங்க பிடிச்சீங்க. இன்னொரு முனையைப் பிடிச்சது யாரு, சாமியா? நான்தானே. எனக்கும் அப்ப சரின்னுதான் பட்டுச்சு."

அன்று நான் சொன்ன பொய்யையும் அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறாள். ஏன் பேசாதிருந்தாய் என்றேன். "வெளியாள் முன்னாடி உங்களை விட்டுக்கொடுப்பேனா? நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

இருவரும் சிரித்தோம், எனக்குக் கண்ணும் நிறைந்தது.

நவம்பர் 3, திங்கள்

மெக்கானிக்கிடமும் தொலைபேசியில் உண்மை சொன்னேன். "தெரியும் ஐயா. எல்லா வீட்லயும் முன்னாடி குடியிருந்தவங்கதான் செஞ்சிருப்பாங்க" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

வெளியே முதல் உறைபனி. மைத்துனன் காருடன் வந்தான். அக்கா பெட்டியைக் கட்டவில்லை என்று கண்டதும், பேசித் தீர்க்கலாமென்று நாற்காலியில் அமர்ந்தான். முதலில் கம்பளிக் கோட்டைக் கழற்றினான்; பிறகு ஸ்வெட்டரை. வாதத்தின் நடுவிலேயே கண் சொருகி, மாலைவரை குறட்டை. "எழுப்பாதீங்க, பாவம், அங்க தனியா கிடக்கறான்" என்றாள் அவள். அவள் விரல்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தன.

விழித்தவன் கூரையைப் பார்த்தபடி கேட்டான்: "அத்தான், மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?"

இப்போது மேலே அவன் நடக்கும் ஓசை கேட்கிறது. பனியனோடுதான் நடப்பான்.

இந்த ஏட்டை என்றேனும் பிரிப்பவரே, உம் இல்லத்தின் எல்லா அறைகளிலும் இதம் நிலைக்கட்டும். உம் பிழையின் மறுமுனையைப் பிடித்திருந்தும் விட்டுக்கொடுக்காத ஒருவர் உம்மோடு நெடிது வாழட்டும். உம் வீடு நன்றாக மூச்சு விடட்டும்.