எழுதாமல் விட்ட வார்த்தை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் வணங்கி எழுதுவது. சரியாகச் சொன்னால், எழுதச் சொல்வது. முழங்கால் வலி தேவலையா? கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல என் அறைத்தோழி எழுதுகிறாள்; ஓயாமல் பேசுவதால் அவளுக்கு நான் வைத்த பெயர் லொடலொடா. சலவைக்கூடத்து இஸ்திரி இயந்திரம் என் வலது கையில் லேசாகச் சூடு போட்டுவிட்டது, அவ்வளவுதான்.

மருந்து கேட்டால் மேலாளர் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அனுப்பினார். ஆயுளில் ஒரு கைக்குட்டைகூட இஸ்திரி போட்டிராத அந்த மகான், "உங்களை நீங்களே கட்டிப்பிடிச்சுக்கோங்க" என்றார். ஒற்றைக் கையால் எப்படியாம்? தூ!

அவரைவிட எனக்கு என் மேல்தான் இளக்காரம். பத்து வருஷம் வேலை பார்த்தவள் சூடான இயந்திரத்தில் போய்க் கையை வைப்பாளா? என்னைத் திட்டி ஒரு வார்த்தை எழுதச் சொன்னேன். லொடலொடா பேனாவை மூடிவிட்டாள்.

"இதே சூடு எனக்குப் பட்டிருந்தா என்னை அப்படிச் சொல்லுவியாடி?"

சொல்லமாட்டேன்தான். நாலு நாளாக எனக்குத் தலை பின்னி, சோறு ஊட்டுகிறவள் அவள்.

உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு, நன்றாக நைந்ததாக. சும்மா, துடைக்கத்தான். தபால் வண்டி வந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் மகள்

அம்மா, "உன்"னுக்கும் "மகளு"க்கும் நடுவுல மறுபடி அந்த வார்த்தையைச் சொன்னா. நான் எழுதலை.
- லொடலொடா